கிளாஸ் என்பது வேஷம்: மேசை ஆர்பிஜிக்கு நெகிழ்வான கிளாஸ் எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மொட்டைமாடி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கோரைப்பாயை விரித்து ஃபேன்டசி ஆர்பிஜி, அதாவது கேரக்டராக மாறிப் பேசி ஆடும் கதை ஆட்டம், ஆடுகிறோம். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராக இருந்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள், அது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். வாங்கிய விதிகளை விட்டுவிட்டு நாங்களே எழுத ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. காட்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் புதிதாக ஆடத் தொடங்கியவர்கள் சொந்தமாகக் கிளாஸ் (கேரக்டர் சண்டைக்காரரா, மந்திரவாதியா என்று சொல்லும் வகை) எழுத உட்காரும்போது திரும்பத் திரும்ப இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

கிளாஸ் என்பதைத் தமிழில் என்ன சொல்வது?

முதலில் 'வகுப்பு' என்று எழுதிப் பார்த்தோம். கேரக்டர் தாளின் மேலே 'பெயர், வகுப்பு' என்று கோடு போட்டால் பார்த்தவுடன் சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் மாதிரியே இருந்தது, அன்றைக்கே அதைக் கிழித்துப் போட்டோம். இப்போது 'வேஷம்' என்கிறோம். வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் ராத்திரி முழுக்கக் கூத்து, கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டி அரிதாரம் பூசித் துரியோதனனாக ஆடியவர் அடுத்த ராத்திரி வேறு வேஷம் கட்டுவார், விடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நம் பக்கத்தில் நின்று டீ குடிப்பார். கூத்துக் களரியில் இன்றைக்கு நீ செய்யப்போகிற வேலைதான் வேஷம், நீ பிறந்த இடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கீழே நான் சொல்வதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. கிளாஸ் என்றாலும் வேஷம் என்றாலும் இங்கே ஒன்றுதான்.

வேஷமே இல்லாமல் ஆடினால் இன்னும் நெகிழ்வாக இருக்காதா?

இருக்கும். அப்படிப்பட்ட ஆட்டங்கள் ரொம்ப நாளாகவே உண்டு. 1978-ல் வந்த ரூன்குவெஸ்ட்டில் கிளாஸ் கிடையாது, எந்தத் திறமையைப் பயன்படுத்துகிறீர்களோ அதுதான் வளரும். 1986-ல் வந்த கர்ப்ஸில் கையில் புள்ளிகளைக் கொடுத்துவிடுவார்கள், மளிகைக்கடையில் வாங்குவதுபோலத் திறமைகளை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டும் நல்ல முறைகள், நாங்களும் புள்ளி முறையில் நாலு மாதம் ஆடியிருக்கிறோம்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், புதிதாக வருகிறவர் முன்னால் வெறும் தாளை வைக்கிறோம். குடியாத்தத்திலிருந்து வரும் ஒரு தம்பிக்கு ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். முதல் நாள் ஏழரை மணி வரை அவன் புள்ளிக் கணக்கு போட்டுக்கொண்டே இருந்தான், எதை வாங்கினால் எது விட்டுப்போகும் என்ற பயம், கடைசியில் ஆடியது ஒரு மணி நேரம்தான். அடுத்த வாரம் அவனிடம், 'நீ காவலாள், இது வாள், இது கேடயம், உன் பக்கத்தில் நிற்கிறவரை யாராவது அடிக்க வந்தால் நீ குறுக்கே பாயலாம்' என்றோம். ஐந்து நிமிஷத்தில் ஆட்டத்துக்குள் இருந்தான். கிரீடத்தைப் பார்த்ததும் ராஜா வருகிறார் என்று புரிகிற மாதிரி, வேஷம் அந்தத் தெளிவைக் கொடுக்கிறது. அதை இழக்காமல் நெகிழ்வைக் கொண்டுவர முடியுமா என்பதுதான் எங்களுடைய மூன்று வருஷ வேலை.

அப்படியானால் நிறைய வேஷம் எழுதிவிட்டால் போதும்தானே?

போதாது, பல சமயம் அது எதிர்வேலை செய்யும். 1974-ல் வந்த, இந்த வகை ஆட்டங்களுக்கு முன்னோடியான முதல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மூன்றே கிளாஸ்தான்: சண்டைக்காரர், மந்திரக்காரர், பூசாரி. 1975-ல் ஒரு துணைநூல் திருடனைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் 'சத்தமில்லாமல் நடக்கிறேன்', 'சுவரில் ஏறிப் பார்க்கிறேன்' என்று சொல்லலாம், நடத்துகிறவர் யோசித்துப் பதில் சொல்வார். திருடனுக்கு இதெல்லாம் இத்தனை சதவீதம் என்று அட்டவணை வந்ததும், பல மேசைகளில் மற்றவர்கள் அதைச் செய்யவே கூடாது என்று ஆகிப்போனது. ஒருவருக்கு எழுதிக் கொடுப்பது மற்றவர்களிடமிருந்து பிடுங்குவதில் போய் முடிகிறது. முப்பது வேஷம் எழுதினால் முப்பது வேலி போட்டதாகத்தான் அர்த்தம்.

சரி, நெகிழ்வை எங்கேதான் வைப்பது?

நடுவைக் கெட்டியாக வையுங்கள், ஓரத்தைத் தளர்த்துங்கள். எங்கள் கணக்கைச் சொல்கிறேன், அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

எங்கள் ஆட்டத்தில் 5 வேஷம், 10 லெவல் (ஆட ஆடக் கேரக்டர் ஏறும் படிகள்). ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரே ஒரு 'பிடி' உண்டு. அது முதல் லெவலிலேயே கைக்கு வந்துவிடும், கடைசிவரை போகாது, வேறு யாருக்கும் கிடைக்காது. காவலாளின் பிடியை மேலே சொன்னேன். வேட்டைக்காரர் தடம் பார்க்கப் பகடை உருட்டவே வேண்டாம். வைத்தியர் ஒருவரின் நாடியைத் தொட்டால் அவருக்கு வந்திருப்பது நோயா, விஷமா, சாபமா என்ற உண்மையை நடத்துகிறவர் சொல்லியாக வேண்டும். மந்திரவாதி ஒரு மந்திரத்தைச் சொல்லும்போதே அதன் தூரம், நேரம், எத்தனை பேருக்கு என்ற மூன்றில் ஒன்றை மாற்றலாம். ஒற்றர் ஆட்டத்துக்கு ஒருமுறை, 'இந்தக் காவல்காரனுக்கு நேற்றே காசு கொடுத்துவைத்தேன்' என்று பின்னோக்கிச் சொல்லிக்கொள்ளலாம். இந்தக் கடைசி யோசனையை 2017-ல் வந்த பிளேட்ஸ் இன் தி டார்க்கிலிருந்து எடுத்தோம், அங்கே அது எல்லோருக்கும் உண்டு, நாங்கள் ஒருவருக்கு மட்டும் வைத்தோம்.

பிடிக்கு வெளியே இருப்பதெல்லாம் தேர்வுதான். 2, 4, 6, 8, 10-ஆம் லெவல்களில் சொந்த வேஷத்தின் பட்டியலிலிருந்து ஒன்று எடுக்கலாம். 3, 5, 7, 9-ல் எல்லோருக்கும் பொதுவான பட்டியலிலிருந்து ஒன்று, அதைச் 'சந்தை' என்கிறோம். நீச்சல், குதிரை, பேரம், பழைய லிபி படிப்பது, சின்னச் சின்ன மந்திரம், எல்லாம் சந்தையில் கிடக்கும். இரண்டு காவலாட்கள் ஒரே பாயில் உட்கார்ந்தாலும் ஐந்தாவது லெவலுக்குள் வேறு வேறு ஆட்களாகிவிடுவார்கள், ஆனால் இரண்டு பேருமே காவலாட்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

விராட பருவக் கூத்து பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒரு வருஷம் ஒளிந்திருக்க வேண்டும், அர்ச்சுனன் பிருகன்னளையாகி ஆட்டம் சொல்லித்தருகிறான், பீமன் அடுப்படிக்குப் போகிறான். வெளியே எல்லாமே மாறிவிட்டது. கீசகன் கை வைத்ததும் யார் கை அவனை நசுக்குகிறது? பிடி அங்கேயேதான் இருக்கிறது.

இன்னொரு விஷயம், எல்லாத் தேர்வையும் முதல் நாளே கேட்காதீர்கள். 2015-ல் வந்த ஷேடோ ஆஃப் தி டீமன் லார்டில் தொடக்கத்தில் 4 பாதை, பிறகு 16, கடைசியில் 64, எதிலிருந்தும் எதற்கும் போகலாம். பெருக்கிப் பார்த்தால் 4,096 சேர்க்கை வருகிறது, ஆனால் முதல் நாள் ஆடுகிறவருக்கு முன்னால் இருப்பது நாலே நாலு பெயர்.

மல்டிகிளாஸ், அதாவது ஒருவரே இரண்டு மூன்று கிளாஸ் எடுப்பது, வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் கணக்கு போட்டுவிட்டு வையுங்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பு, 2000-ல் வந்தது, ஒவ்வொரு லெவலுக்கும் எந்தக் கிளாஸை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. படிக்கும்போது அவ்வளவு அழகு. ஆடும்போது இரண்டு பக்கமும் உடைந்தது. முதல் லெவலில் நிறையக் கொடுக்கும் கிளாஸ்களில் ஒவ்வொன்றிலும் ஒரு லெவல் மட்டும் நக்கிப் பார்த்துவிட்டு ஓடுவது லாபமானது. மந்திரவாதிகளுக்கோ நஷ்டம்: 10 லெவலும் மந்திரத்திலேயே போட்டவர் ஐந்தாம் நிலை மந்திரம் சொல்கிறார், 5 சண்டை 5 மந்திரம் என்று பிரித்தவர் மூன்றாம் நிலையோடு நிற்கிறார். பாதிப் பாதி எடுத்தால் பாதிப் பலம் வரும் என்றுதான் தோன்றும், நிஜத்தில் பாதிக்கும் கீழே போய்விடுகிறது, ஏனென்றால் மந்திரத்தின் பலம் படிப்படியாக ஏறாமல் தாவித் தாவி ஏறுகிறது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு கிளாஸ் மாற முக்கியத் திறனின் எண் குறைந்தது 13 இருக்க வேண்டும் என்று தடை வைத்து, மந்திரம் சொல்லும் வாய்ப்புகளையும் கூட்டிக் கணக்கிட்டு ஓரளவு சரிசெய்தது.

நாங்கள் மல்டிகிளாஸை எடுத்துவிட்டு 'இரவல்' வைத்தோம். ஐந்தாவது லெவலுக்குப் பிறகு அடுத்தவர் வேஷத்தின் பட்டியலிலிருந்து ஒன்றை எடுக்கலாம், பிடியை மட்டும் எடுக்க முடியாது. நிபந்தனை ஒன்றுதான், கதைக்குள் யாராவது உங்களுக்குக் கற்றுத்தர வேண்டும், கற்றுத்தருகிறவர் பாயில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவராக இருந்தால் இருவருக்கும் எக்ஸ்பி (லெவல் ஏறச் சேர்க்கும் அனுபவப் புள்ளி). இதைச் சேர்த்த பிறகு காவலாளும் ஒற்றரும் பாலாற்று மணலில் ராத்திரி உட்கார்ந்து பூட்டுத் திறக்கப் பழகிய காட்சி ஒன்று வந்தது. எந்தச் சண்டையையும்விட அதுதான் எங்களுக்கு நினைவில் நிற்கிறது.

ஒருவர் பிறந்த இனத்துக்கு ஏற்ப வேஷம் வைக்கலாமா? குள்ளர் என்றால் கொல்லர், அந்த மாதிரி.

வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1974 விதியில் குள்ளர் இனத்தில் பிறந்த கேரக்டர் சண்டைக்காரராக மட்டுமே ஆகலாம், அதுவும் 6-ஆம் லெவலுக்கு மேல் ஏற முடியாது. 1981-ல் வந்த அதன் அடிப்படைப் பெட்டியில் குள்ளர் என்பதே ஒரு கிளாஸ், எல்ஃப் என்ற கற்பனை இனமும் ஒரு கிளாஸ். எழுதியவர்கள் அமெரிக்காவில் உட்கார்ந்து மனிதக் கேரக்டர்களுக்கு ஒரு அனுகூலம் வேண்டும் என்று அப்படி வைத்தார்கள். ஆனால் நம் ஊரில் ஒரு பையனிடம் 'நீ இந்தப் பிறப்பு, உனக்கு இந்த வேலை, இந்தப் படிக்கு மேல் ஏறாதே' என்று ஒரு தாளை நீட்டினால் அது அவனுக்கு என்னவாகக் கேட்கும்? அப்பா செய்த வேலையைத்தான் நீயும் செய்ய வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் எங்கள் பாயில் இருக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று மணி நேரம் வேறொருவராக இருக்க வருகிறவரிடம் அதையே திருப்பிச் சொல்ல எனக்கு மனம் வராது.

மூன்றாம் பதிப்பு அந்தப் படித்தடையை எடுத்துவிட்டது. 2020-ல் வந்த துணைநூல் இனத்தோடு ஒட்டிவந்த திறன் புள்ளிகளை வேண்டிய இடத்துக்கு மாற்றிக்கொள்ள அனுமதித்தது, 2024 பதிப்பில் அந்தப் புள்ளிகள் பின்னணியோடு சேர்ந்துவிட்டன. நாங்கள் இனத்துக்குப் புள்ளியே வைக்கவில்லை. மூன்று கேள்வி கேட்கிறோம்: யாரிடம் கற்றாய், எதை விட்டுவிட்டு வந்தாய், எந்த ஊரில் உனக்கு இன்னும் சாப்பாடு போடுவார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் சந்தையிலிருந்து ஒரு சின்னத் திறமை. காடு வளர்த்த எல்ஃபும் ஜவ்வாது மலையடிவாரத்தில் தேன் எடுத்து வளர்ந்த மனிதரும் அங்கே ஒரே கணக்குதான்.

வைத்தியர் வேஷத்தை யாருமே எடுக்க மாட்டேன் என்கிறார்கள். ஏன்?

எடுத்தவருக்குச் சலிப்பாக இருப்பதால். எங்கள் பாயில் நர்ஸாக வேலை பார்க்கும் ஒரு அக்கா இருக்கிறார். எல்லோரும் இயல்பாக அவர் கையில் வைத்தியரைத் திணித்தோம். மூன்றாவது வாரம் பகடையைக் கீழே வைத்துவிட்டு, 'டியூட்டியிலும் கட்டுப் போடுகிறேன், இங்கே வந்தும் கட்டுத்தானா?' என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த வாரம் ஒரு நோட்டில் எல்லோர் பெயரையும் எழுதி, ஒவ்வொருவரும் தானாக ஒரு முடிவு எடுக்கும்போதெல்லாம் ஒரு கோடு போட்டேன். சொல்லிச் செய்ததற்குக் கோடு இல்லை, தானாக யோசித்துச் செய்ததற்கு மட்டும். ராத்திரி எண்ணிப் பார்த்தால் காவலாளுக்கு 19 கோடு, வைத்தியருக்கு 4. அந்த நாலில் இரண்டு, யாருக்கு முதலில் கட்டுப் போடுவது என்பது. விதி அவரை முடிவெடுக்க விடவே இல்லை, மற்றவர்கள் அடிபட்ட பிறகுதான் அவருக்கு வேலை.

அதனால் மூன்றை மாற்றினோம். கட்டுப் போடுவது ஒரு முழு முறையை (ஆளுக்கு ஆள் மாறிவரும் வாய்ப்பை) தின்னக்கூடாது, அதே முறையில் இன்னொரு காரியமும் செய்யலாம். அடிபட்ட பிறகு ஆற்றுவதைப்போல, அடிபடும் முன்னே தடுக்கும் மருந்துகள் வந்தன, அவற்றை எப்போது யாருக்குக் கொடுப்பது என்பது ஒரு பந்தயம். அப்புறம் அந்த நாடிப் பிடி: அதை எதிரியின் மேலும் பயன்படுத்தலாம். அக்கா அதை வைத்து ஒரு ஜமீன்தாரின் நாடியைப் பிடித்து, அவருக்கு யாரோ மெல்ல விஷம் வைக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார், மொத்தக் கதையும் அன்றைக்கு அவர் பின்னால் போனது. முக்கியமாக ஒன்று, அவருக்கு வேஷம் மாறும் உரிமையையும் கொடுத்தோம். அவர் மாறவில்லை.

ஒவ்வொரு லெவலுக்கும் எண்ணைக் கூட்டுவதா, புதிதாக எதையாவது செய்யவிடுவதா?

முடிந்தவரை செய்யவிடுங்கள். 20 பக்கப் பகடையில் விழுந்த எண்ணோடு கூட்டும் ஒவ்வொரு +1-ம் 5 சதவீதம். 13-ஓ அதற்கு மேலோ எடுக்க வேண்டிய காரியத்தில் ஒன்றுமே தெரியாதவருக்கு 40 சதவீதம், +2 இருப்பவருக்கு 50, +5 வைத்திருக்கும் நிபுணருக்கு 65. தாளில் +5 பெரிதாகத் தெரியும், ஆனால் ஒரு சாயங்காலத்தில் அந்தக் காரியத்தை மூன்று தடவை உருட்டினால் வித்தியாசம் கண்ணுக்கே படாது. நிபுணர் வழுக்கி விழுவார், தெரியாதவர் தாண்டிவிடுவார், வேஷத்தின் மேல் நம்பிக்கை போய்விடும். 'வேட்டைக்காரர் தடம் பார்க்க உருட்ட வேண்டாம்' என்பது எண்ணே இல்லை, ஆனால் ஒவ்வொரு வாரமும் அது கண்ணில் படுகிறது.

எழுதிய வேஷங்கள் சரியாக இருக்கின்றனவா என்று எப்படிப் பார்ப்பது?

நோட்டில் கோடு போடுவது ஒன்று. இன்னொன்றை 'அகழிச் சோதனை' என்கிறோம். நம் வேலூர்க் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் அகழி, அதில் ஒரு காலத்தில் முதலைகள் இருந்ததாகச் சொல்வார்கள், உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், உயரமான கருங்கல் மதில். ராத்திரிக்குள் உள்ளே போக வேண்டும், இதுதான் கேள்வி. ஐந்து வேஷத்தையும் தனித்தனியாக நிறுத்தி, ஒவ்வொருவரும் எப்படிப் போவார் என்று எழுதுங்கள்.

எங்கள் முதல் வரைவில் மந்திரவாதி பறந்து போய்விட்டார், மற்ற நாலு பேரும் கரையில் நின்றார்கள். அது தோல்வி. அடுத்த வரைவில் எல்லோருக்கும் நீச்சல் கொடுத்துவிட்டோம், எல்லோரும் நீந்தினார்கள். அதுவும் தோல்விதான், ஐந்து பேரும் ஒரே ஆள் ஆகிவிட்டார்கள். இப்போது வேட்டைக்காரர் முதலை எந்தக் கரையில் ஏறி இறங்குகிறது என்று சேற்றில் தடம் பார்த்து எதிர்க்கரையில் இறங்குகிறார், ஒற்றர் நேற்றே ஆளைப் பிடித்து வைத்திருக்கிறார், வைத்தியர் காய்ச்சலில் கிடக்கும் காவல்காரனைப் பார்க்க வாசல் வழியாகவே கூட்டிக்கொண்டு போகப்படுகிறார், மந்திரவாதி கரையோரத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் கெட்டியாக்குகிறார். காவலாளுக்குத்தான் கடைசிவரை வழி கிடைக்கவில்லை, அதனால் அவர் பட்டியலில் 'படையில் பழகிய முகம்' என்று ஒன்றைச் சேர்த்தோம், எந்தக் கோட்டையிலும் கூட வேலை பார்த்த ஒருவன் இருப்பான். ஒரே வேஷத்தால் மட்டும் தாண்ட முடிந்தாலும் தவறு, எல்லோரும் ஒரே மாதிரி தாண்டினாலும் தவறு.

ஒருவர் வராத வாரம் என்ன செய்வது?

கூத்தில் ஆள் குறைந்தால் ஒருவரே இரண்டு வேஷம் கட்டுவார். நாங்களும் அப்படித்தான், வராதவரின் பிடியை மட்டும் இன்னொருவர் அந்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

20 பக்கப் பகடை வேலூரில் கிடைக்கவில்லையே?

ஆன்லைனில் வாங்கலாம், போனில் ஆப் இருக்கிறது. நாங்கள் முதல் ஆறு மாதம் 1 முதல் 20 வரை சீட்டு எழுதி ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கினோம். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும், இல்லையென்றால் மேலே சொன்ன சதவீதம் எல்லாம் மாறிப்போகும்.

வேட்டைக்காரருக்கு நாய் வைக்கலாமா? அது தனி வேஷமா?

தாராளமாக வையுங்கள், இதற்கு நம் பக்கத்திலேயே கல்லில் சாட்சி இருக்கிறது. பழைய வட ஆற்காட்டின் செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று பெயரோடு எழுதியிருக்கிறார்கள்.

விதியில் நாயைத் தனி ஆளாக்கினால் ஒருவருக்கு இரண்டு முறை கிடைத்துவிடும், மற்றவர்கள் காத்துக் கிடப்பார்கள். அதனால் எங்கள் ஆட்டத்தில் நாய் சந்தையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், நர்ஸ் அக்காவின் வைத்தியரிடம்தான் இப்போது அது இருக்கிறது. உங்கள் முறையில் ஒன்று நீங்கள் செய்யலாம் அல்லது நாய் செய்யும். நீங்கள் விழுந்து கிடக்கும்போது மட்டும் நாய்க்கு முழு முறையும் சொந்தம், அப்போது அது என்ன செய்யும் என்பதை நடத்துகிறவர் சொல்ல மாட்டார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்ல வேண்டும்.